பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு எந்த நாவல்?

கடலூர் பக்கம் நாவல் பேச்சு எடுத்தாலே ஜெயகாந்தனில்தான் தொடங்கும். மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர், விடமாட்டோம். வளரும் பருவத்துக் கதை என்றால் ‘உன்னைப்போல் ஒருவன்’ என்பார்கள். சென்னைச் சேரிப் பையன் சிட்டி. அம்மாவின் வாழ்க்கையில் இன்னொரு ஆள் வருவது அவனுக்குப் பொறுக்கவில்லை. கரு வலுவானது. ஆனால் ஜெயகாந்தன் பையனைப் பேசவிடாமல் பல இடத்தில் தானே பேசிவிடுகிறார். அதனால் அதைத் தள்ளிவைத்துவிட்டு, அடிக்கடி போட்டிக்கு வரும் மூன்றையும், யாரும் இந்த வரிசையில் சேர்க்காத ஒன்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’தான் எல்லோரும் முதலில் நீட்டும் புத்தகம். கும்பகோணத்தில் படிக்கும் பாபு, அவனைவிட வயதில் மூத்த யமுனா, சங்கீதம் சொல்லித்தரும் ரங்கண்ணா. பாட்டைப் பற்றித் தமிழில் இப்படி எழுதியவர்கள் குறைவு. ஆனாலும் பாபு கொடுத்துவைத்தவன். தடுக்கி விழுந்தால் பிடிக்க அன்பான அப்பா, குரு, ராஜம் என்றொரு நண்பன். பதினேழு வயதில் படிப்பவர்கள் யமுனாவிலேயே நின்றுவிடுகிறார்கள், ரங்கண்ணாவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்குக் கேட்டால் அவசரமில்லை, இருபது தாண்டிப் படிக்கட்டும்.

பூமணியின் ‘வெக்கை’ (1982) இதற்கு நேர் எதிர். பதினைந்து வயதுச் சிதம்பரம் முதல் பக்கத்திலேயே வெட்டிவிட்டு ஓடுகிறான். அண்ணனைக் கொன்றவனை வெட்டியிருக்கிறான். பிறகு எட்டு நாள், அப்பாவும் மகனும் கரிசல் காட்டில் ஒளிந்து திரிவதுதான் நாவல். சமைக்கிறார்கள், கிணற்றில் குளிக்கிறார்கள், கிடைத்த இடத்தில் தூங்குகிறார்கள். கொலை செய்துவிட்டு வந்த மகனை அந்த அப்பா அடிப்பதில்லை, புத்தி சொல்லிக் குடைவதும் இல்லை. ‘அசுரன்’ படம் பார்த்தாச்சே, கதை தெரியுமே என்பவர்களுக்கு ஒன்று: 2019இல் வந்த படம் அப்பாவின் பக்கம் சாய்ந்தது. நாவல் பையனுடையது. கரிசல் பேச்சு நம் பக்கத்து வாய்க்குப் புதிது என்பதால் தொடக்கத்தில் கொஞ்சம் தட்டும்; பத்துப் பக்கம் பொறுத்தால் பழகிவிடும்.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977) இந்த இரண்டையும் விட அடங்கிய குரல். சிகந்தராபாத்தில் ரயில்வே ஊழியரின் மகன் சந்திரசேகரன், மாடும் கிரிக்கெட்டும் கல்லூரியுமாக இருக்கிறான். சுற்றிலும் நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானம் ஆடிக்கொண்டிருக்கிறது. நிஜாமுக்காக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்கள், காந்தி கொலை, 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைவது. இதெல்லாம் அவனுக்கு வரலாறு இல்லை, கல்லூரிக்குப் போகும் வழியில் நிற்கும் தொந்தரவு. அந்தத் தொந்தரவு மெல்ல மெல்ல அவனுக்குள் நுழைகிற விதத்தில்தான் அசோகமித்திரனின் கை தெரிகிறது. கடைசிப் பக்கங்களை இங்கே சொல்லமாட்டேன். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த நாவலில் தனி ஈர்ப்பு உண்டு. பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த புதுச்சேரி இந்தியாவோடு இணைகிற விஷயம் 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேர் ஓட்டுப்போட்டு, 170 பேர் சரியென்று சொல்லித் தீர்ந்தது. ஹைதராபாத்தில் அப்படித் தீரவில்லை. தாத்தா பாட்டியிடம் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, இணைப்பு இன்னொரு ஊரில் ஒரு பையனை என்ன செய்தது என்று பார்க்கக் கிடைக்கிறது.

மூன்றுமே பையன்களின் கதை என்பதை யாராவது எடுத்துச் சொன்னால்தான் நமக்கு உறைக்கிறது. கடலூர் மாவட்டத்து இமையம் எழுதிய ‘செடல்’ (2006) நாவலை இந்த வரிசையில் ஏன் வைப்பதில்லை? ஊர் நன்மைக்காகச் சாமிக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட குழந்தைதான் செடல். பஞ்சத்தில் குடும்பம் கடல் தாண்டிப் போய்விடுகிறது. அவள் பெரியவளாகும்போது பக்கத்தில் இருக்கவேண்டியவர்கள் யாருமில்லை. பிறகு கூத்துக்குப் போகிறாள், ஆடுகிறாள், வயதாகிறது. பாபுவுக்கு ரங்கண்ணா, சிதம்பரத்துக்கு அப்பா, சந்திரசேகரனுக்குத் திரும்பிப் போக ஒரு வீடாவது இருக்கிறது. செடலுக்கு இதில் எதுவும் இல்லை, ஊர் மட்டும் இருக்கிறது. கூத்து நடக்கும் பகுதிகள் கொஞ்சம் நீளம்தான். ஆனால் தென்னார்க்காட்டுப் பேச்சு அப்படியே காதில் விழும். விருத்தாசலம் பஸ்ஸில் கேட்கிற அதே பேச்சு.

அப்போ எதை முதலில்? புத்தகமே தொடாத பிள்ளை என்றால் ‘வெக்கை’, சின்னது, நிற்காமல் ஓடும். ஏற்கெனவே படிக்கிற பழக்கம் இருந்தால் ‘18வது அட்சக்கோடு’. நான்கில் சிறந்தது அதுதான் என்பது என் கணக்கு. எதில் தொடங்கினாலும் அடுத்தது ‘செடல்’. முக்கியமாகப் பையன்களுக்கு.

வீட்டில் ஏழாவது, எட்டாவது படிக்கும் தம்பி தங்கை இருந்தால் இந்த நான்குமே வேண்டாம். கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ கொடுங்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்து, 2021இல் மறையும்வரை புதுச்சேரியிலேயே இருந்தவர் கி.ரா. கதை என்னவோ அவருடைய கரிசல் பூமியில்தான். பறவைகளின் பின்னால் அலையும் ஒரு சிறுவன், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடுவார்கள்.