மண்ணின் நுண்ணுயிர் வரைபடம்: 16எஸ் முறையா, ஷாட்கன் முறையா?

பெங்களூருச் செம்மண்ணில், அதிலும் மட்கு ஏறிய தோட்டத்து மண்ணில், நுண்ணுயிர்கள் எவை என்று அறிய டிஎன்ஏ பிரித்தெடுக்கும்போது தெளிவாக இருக்க வேண்டிய கரைசல் வடித்த தேநீர் போலப் பழுப்பேறி நிற்பதுண்டு. அது மட்கிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம்; டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் வினையை முடக்கிவிடும். பிரித்த டிஎன்ஏவைப் படிக்க 16எஸ், ஷாட்கன் என இரு முறைகள் உண்டு; இந்தத் தொல்லை இரண்டுக்கும் பொது.

16எஸ் முறை, பாக்டீரியாவுக்கும், அதைப் போலத் தோன்றினாலும் வேறு வகை நுண்ணுயிரான ஆர்க்கியாவுக்கும் உரிய, ஏறத்தாழ 1,500 கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) நீளமுள்ள, 16எஸ் எனப்படும் ஒரே மரபணுவின் ஒரு பகுதியை மட்டும் பெருக்கிப் படிக்கிறது. 1977-இல் அறிவியலாளர்கள் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ஆர்க்கியாவைத் உயிரினங்களின் தனிக் கிளையாகக் காட்டியதும் இம்மரபணு தரும் ஆர்என்ஏவைக் கொண்டுதான். செலவு குறைவு என்பதால், ஓர் ஏரிக்கரை நெடுகிலும் நூறு மாதிரிகள் எடுத்து வரைபடம் போட இதுவே கைகொடுக்கும். ஆனால் பூஞ்சைகள் இதில் அகப்படா. அவற்றுக்கு, இனத்தை அடையாளம் காட்டும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியைத் தனியே படிக்க வேண்டும். மேலும், சில பாக்டீரியாக்களிடம் இம்மரபணு ஒரே பிரதியாகவும் வேறு சிலவற்றிடம் பத்துக்கு மேலும் இருப்பதால், கிடைத்த விகிதத்தை அப்படியே நம்பினால் கணக்குத் தப்பும்.

ஷாட்கன் முறை, மண்ணிலுள்ள டிஎன்ஏ முழுவதையும் துண்டாக்கிப் படிப்பதால், எவை இருக்கின்றன என்பதோடு, காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்தும் நிஃப்எச் போன்ற மரபணுக்கள் உள்ளனவா என்பதையும் சொல்லும். செலவும் கணினிச் சுமையும் அதிகம். படித்த துண்டுகளில் பல, தரவுத்தளத்தில் எதனோடும் பொருந்தாமல் நிற்கும்.

பெங்களூரு அல்சூரில் மாடித் தோட்டத்துக்கு உரம் கேட்கும் நம்மவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். கரிமச் சத்துப் பரிசோதனை போதும். ஆய்வுக்கென்றால், நூறு இடங்களிலும் 16எஸ் செய்து, மாறுபட்டுத் தெரியும் நாலைந்தை மட்டும் ஷாட்கனுக்கு அனுப்புவேன்.