பீத்துணி அலசல்: வேட்டித்துணியா, நாடா நாப்பியா, பாக்கெட் டயப்பரா?

துணி டயப்பர் வாங்கப்போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எது நிறைய உறிஞ்சும்?" என்பதுதான். நானும் அதையேதான் கேட்டேன். கேட்டிருக்கவேண்டியது "எது சீக்கிரம் காயும்?" என்று. மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி, பால்கனியில் இரண்டே கொடி, போர் தண்ணீர், பாப்பா பிறந்ததோ ஆகஸ்டில். நவம்பரில் மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு நாள், வீட்டில் பதினாலு டயப்பர் இருந்தும் பிள்ளைக்குப் போட ஒன்றுகூட இல்லை. எல்லாம் நாற்காலி முதுகிலும் ஜன்னல் கம்பியிலும் ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தன. துவைப்பது என் வேலை என்பதால் அந்தக் கோணத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன், கடைக்காரர் சொல்கிற கோணம் வேறு.

முதலில் வேட்டித்துணி. அம்மா ஊரிலிருந்து வரும்போது அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து ஓரம் அடித்து ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுவந்தார். முக்கோணமாக மடித்து இடுப்பில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். பல வருஷம் துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி, பச்சைக்குழந்தைத் தோலுக்கு இதைவிட இதமான துணியை நான் பார்க்கவில்லை. வெயிலில் அரைமணியில் காய்ந்துவிடும், மழைநாளில் மின்விசிறிக்கு அடியில் போட்டால்கூடப் போதும். குறை என்னவென்றால் ஒரு மூத்திரத்துக்கு ஒரு துணி. பிறந்த குழந்தை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நனைக்கும், ஒவ்வொரு தடவையும் துணியோடு சேர்ந்து அடியில் விரித்தது, தூளி, வைத்திருப்பவர் மடி எல்லாம் நனையும், ஆக பன்னிரண்டு என்று ஆரம்பிப்பது சாயங்காலம் ஒரு வாளியாகிவிடும். ஆனால் நனைந்தது உடனே தெரிவதால் உடனே மாற்றுகிறோம், தோல் சிவப்பதும் குறைவு. முதல் இரண்டு மாதத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். இன்னொரு காரணமும் உண்டு. கடையில் விற்கிற "எல்லா வயதுக்கும் ஒரே அளவு" டயப்பர் பெரும்பாலும் ஐந்து கிலோவிலிருந்துதான் சரியாக உட்காரும், எங்கள் பாப்பா பிறந்தபோது 2.8 கிலோ. பட்டனை எவ்வளவு இறுக்கினாலும் தொடைப் பக்கம் ஒரு விரல் போகிற இடைவெளி, அந்த வழியாக எல்லாம் வெளியே வந்துவிடும்.

நாடா வைத்த நாப்பி, அதாவது கடையில் அரை டஜன் கட்டாகக் கிடைப்பது, வேட்டித்துணியைத் தைத்து விலைக்கு விற்கிற சமாசாரம். தையலில் நாடா உரசும். வேட்டி கிடைக்காதவர்களுக்குச் சரி.

அடுத்தது கவரும் மடிப்புத்துணியும். தண்ணீர் கசியாத வெளிச்சட்டை ஒன்று, உள்ளே மடித்துவைக்கிற பருத்தித் துணி. 1946-ல் அமெரிக்காவில் மரியன் டோனவன் என்கிற அம்மா குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்துப் பார்த்த யோசனை இது, இன்றைக்குத் திரைக்குப் பதில் பாலியூரித்தேன் படலம் ஒட்டிய பாலியெஸ்டர். மூத்திரம் மட்டும் என்றால் கவரைத் துடைத்துவிட்டு உள்துணியை மட்டும் மாற்றலாம், எனவே நாலு கவர், இருபது துணி இருந்தால் வண்டி ஓடும். துணியை விரித்துக் காயப்போடலாம், இதுதான் பெரிய வசதி. எல்லோரும் ஏன் இதைத் தாண்டிப் போகிறார்கள் என்றால் பார்க்க அழகாக இல்லை, மடிக்கச் சோம்பல், தாத்தா பாட்டிக்குப் பழகாது.

பாக்கெட் டயப்பர்தான் இப்போது எல்லோர் வீட்டிலும். வெளியே அதே படலத்துணி, உள்ளே ஈரம் தெரியாத ஒரு மெல்லிய துணி, இரண்டுக்கும் நடுவில் உறை மாதிரி ஒரு வாய், அதில் இன்செர்ட்டை, அதாவது மூத்திரத்தை உறிஞ்சுகிற துணிப்பட்டையை, செருகவேண்டும். போடுவது சுலபம், தூக்கியெறியும் டயப்பர் போலவேதான். உள்ளேயே எல்லாம் தைத்துவரும் ஆல்-இன்-ஒன் இன்னும் சுலபம், ஆனால் அதன் தடிமன் முழுக்க ஒரே துண்டாகக் காயவேண்டும், மழைக்காலச் சென்னையில் அதை வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

பாக்கெட்டுக்குள் என்ன வைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மைக்ரோஃபைபர் என்கிற செயற்கை இழைத் துணி மலிவு, சட்டென்று உறிஞ்சும், சீக்கிரம் காயும், ஆனால் பிள்ளை உட்கார்ந்து அழுத்தினால் ஸ்பாஞ்சு போலக் கக்கிவிடும், நாள்பட்டால் நாற்றம் பிடிக்கும், தோலில் நேரடியாகப் படவும் கூடாது, ஈரப்பசையை இழுத்துவிடும். மூங்கில் துணி என்று விற்பது விஸ்கோஸ்தான், அதாவது மூங்கிலைக் கூழாக்கி ரசாயனத்தால் எடுத்த இழை, நிறையத் தாங்கும், மெதுவாகக் காயும். எங்கள் வீட்டு பால்கனியில் மழை நாளில் ஒன்றரை நாள் எடுத்தது. பருத்தி இடைப்பட்டது. புதிதாக வாங்கியதை அப்படியே போட்டால் தண்ணீர் ஒட்டாமல் ஓடும், நாலைந்து தடவை துவைத்த பிறகுதான் முழுசாக உறிஞ்ச ஆரம்பிக்கும். இது தெரியாமல் முதல் நாளே "ஏமாத்திட்டாங்க" என்று திருப்பி அனுப்பியவர்கள் நிறைய. நான் பகலுக்கு மைக்ரோஃபைபரும் ராத்திரிக்கு மைக்ரோஃபைபரோடு மூங்கிலும் என்று வைத்துக்கொண்டேன், மேலே மைக்ரோஃபைபர், கீழே மூங்கில், வேகமாக உறிஞ்சுவது மேலே இருக்கவேண்டும்.

கசிகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்குப் பிரச்சினை துணியில் இல்லை, மாட்டுவதில். கால் எலாஸ்டிக் தொடைமேல் நிற்கக் கூடாது, ஜட்டி உட்காருகிற மடிப்பில் உட்காரவேண்டும்.

சரி, துவைப்பது. என் மாமியார் சுத்தக்காரர். ஒருநாள் நான் ஆபீஸில் இருந்தபோது, "மாப்பிள்ளை, துணியெல்லாம் கொதிக்கவச்சு எடுத்துட்டேன், இனி கிருமியே இருக்காது" என்று போன் செய்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் ஆறு டயப்பரில் நாலின் படலம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. அத்தையைக் குறை சொல்லமுடியாது, வேட்டித்துணிக்கு அது சரியான வைத்தியம்தான். படலத்துணிக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும், வாசனை கண்டிஷனரும் ப்ளீச்சும் வேண்டாம். கண்டிஷனர் நூலில் பூச்சு போட்டு உறிஞ்சவிடாது, தோல் சிவந்தால் தடவுகிற துத்தநாக க்ரீமும் அப்படியே.

உப்புத்தண்ணீர் இன்னொரு தலைவலி. இரண்டு மாதத்தில் இன்செர்ட்டெல்லாம் அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டது. சோப்பும் உப்பும் சேர்ந்து படிந்த கறை. சோப்பே போடாமல் வெந்நீரில் நுரை வருவது நிற்கிறவரை அலசினேன், ஏழு தடவை ஆனது. அதற்குப் பிறகு கடைசி அலசல் மட்டும் போர் தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரில்.

தூக்கியெறியும் டயப்பரோடு ஒப்பிடாமல் முடிக்கமுடியாது. காசுக் கணக்கு சுலபம்: நாளுக்கு ஆறு, ஒன்று பத்து ரூபாய் என்று வைத்தாலே மாதம் 1,800. ஐந்நூறு ரூபாய்த் துணி டயப்பர் பதினைந்து வாங்கினால் 7,500, நாலு மாதத்துச் செலவு. சுற்றுச்சூழல் கணக்கு அவ்வளவு சுலபமில்லை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட அறிக்கையில், ஒரு பிள்ளைக்கு இரண்டரை வருஷத்துக்குத் தூக்கியெறிவது சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயு, துணி சுமார் 570. துணி தோற்றதற்குக் காரணம் சூடான தண்ணீரும் டிரையரும். மெஷினை நிரப்பி ஓட்டி, கொடியில் காயப்போட்டு, அடுத்த பிள்ளைக்கும் பயன்படுத்தினால் 200 கிலோ குறையும் என்று அதே அறிக்கை சொல்கிறது. நம் ஊரில் கொடியில்தான் காயப்போடுகிறோம், அந்த வகையில் ஜெயித்தாயிற்று. ஆனாலும் ரயில் பயணத்துக்கும் தடுப்பூசி போட்ட ராத்திரிக்கும் நான் தூக்கியெறிவதைத்தான் போட்டேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

மொத்தமாக ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு டயப்பர் வாங்குங்கள். இன்செர்ட்டை நனைத்துப் பிழிந்து, மழைக்காலத்தில் உங்கள் வீட்டில் எங்கே காயப்போடுவீர்களோ அங்கே ராத்திரி தொங்கவிடுங்கள். காலையில் தொட்டுப் பார்க்கும்போது நடுவில் தொடாதீர்கள், அது காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஓரத் தையலைத் தொட்டுப் பாருங்கள்.