மிஷன் பங்களா ஸ்டே: சாப்பாட்டுக்கு நாலரை ஸ்டார், வரலாத்துக்கு ஒண்ணு

மொதல்லயே சொல்லிடறேன், ஸ்டேயோட பேரும் போடல, அது இருக்கற கிராமத்தோட பேரும் போடல. ஏற்காடு ஏரிய தாண்டி கொஞ்ச தூரம் எஸ்டேட் ரோட்ல போனா ஒரு பழைய மிஷன் குடியிருப்பு, ஒரு சின்ன சர்ச், ஒரு பங்களா, பத்து பதினஞ்சு ஓட்டு வீடு, அவ்ளோதான் ஊரே. அந்த பங்களாவ இப்ப ஹெரிடேஜ் ஸ்டேனு விடறாங்க. பேரு கேட்டு மெசேஜ் பண்ணாதீங்க, அந்தப் பசங்க பொழப்புல மண்ணு போட எனக்கு ஆசையில்ல, ஆனா இந்த மாதிரி எடத்துக்கு போறவங்க எத நம்பலாம் எத நம்பக்கூடாதுன்னு ஒருத்தர் சொல்லணும்ல.

நாங்க போனதுக்கு காரணம் வேற. எங்கப்பாவோட தாத்தா அந்த ஊர்ல உபதேசியாரா, அதாவது பாதிரியாருக்கு கீழ சபைய பாத்துக்கற உள்ளூர் ஊழியரா இருந்தவரு. சேலத்துல லண்டன் மிஷன்ல படிச்சுட்டு எஸ்டேட் கூலிக்காரங்க புள்ளைங்களுக்கு பாடம் சொல்லிக்குடுக்க மலைக்கு போனவரு, கடைசி வரைக்கும் எறங்கல. அப்பா சின்னப்புள்ளையா மே லீவுக்கு அங்க போயிருக்காரு, அதுக்கப்பறம் அம்பது வருஷமா போனதில்ல. நாங்க சேலம் அஸ்தம்பட்டில இருக்கோம், கோரிமேடு வழியா போனா ஒரு மணி நேரத்துல மேல இருக்கலாம், ஆனா பக்கத்துல இருக்கற எடத்துக்கு எவன் போறான்.

போக வெச்சது அண்ணி. பெரியப்பா மகன் அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல சால்ட் லேக் சிட்டில இருக்கான், கட்டுனது அந்த ஊர் மார்மன் குடும்பத்துப் பொண்ண, மார்மன்ங்கறது ஜோசப் ஸ்மித்னு ஒருத்தர் அமெரிக்காவுல ஆரம்பிச்ச தனி சர்ச். டிசம்பர்ல வந்தாங்க. யூட்டாலயும் சேலம்னு ஒரு ஊர் இருக்காம், நம்ம ஜங்ஷன் போர்டு முன்னாடி நின்னு எட்டு செல்ஃபி. வந்த ரெண்டாவது நாளே அப்பாகிட்ட, "மாமா, உங்க தாத்தா வீடு எங்க? போலாமா?"ன்னு அவங்களோட கொழகொழ தமிழ்ல கேட்டாங்க. அப்பாவுக்கு சொல்லத் தெரியல. அவங்க ஆளுங்களுக்கு இது ஒரு பெரிய விஷயம்ங்க, முன்னோர் பேரத் தேடி எழுதி வெக்கறது அவங்க சர்ச்லயே ஒரு கடமை மாதிரி. 1894லயே அதுக்குன்னு ஒரு சங்கம் வெச்சு, 1938ல இருந்து உலகம் பூரா ரெஜிஸ்டருங்கள மைக்ரோஃபிலிம் எடுத்து, மலைய கொடஞ்சு பாறைக்குள்ள பாதுகாத்து வெச்சிருக்காங்களாம். ஃபேமிலிசர்ச்னு ஃப்ரீ வெப்சைட் இருக்கே, அது அவங்களோடதுதான்.

சரின்னு ரெண்டு ரூம் போட்டோம். ஒரு ரூம் ஒரு நைட்டுக்கு 4,800, டிபன் சேத்தி. இதுபோக ஹெரிடேஜ் வாக், எஸ்டேட் டூர், காபி டேஸ்டிங் மூணும் ஆளுக்கு 900 தனியா. விளம்பரத்துல "மிஷனரிகளின் காலடித் தடத்தில்"னு போட்டிருந்தாங்க, அதப் பாத்துதான் அப்பாவே சரின்னாரு.

ரூமப் பத்தி சீக்கிரம் சொல்லிடறேன். நல்ல உயரமான ஓட்டுக்கூரை, கீழ மரப்பலகை, குளிர்காயற அடுப்பு இருக்கு ஆனா பத்த வெக்க விடமாட்டாங்க, கம்பளில மழைக்காலத்து வாசம். வெந்நீர் காலைல ஆறுல இருந்து எட்டு வரைக்கும்தான், இத புக்கிங் பண்றப்ப எவனும் சொல்லல, எட்டேகாலுக்கு குளிக்கப் போன என் வீட்டுக்காரர் கத்துன கத்து பகோடா பாயிண்ட் வரைக்கும் கேட்டிருக்கும். சாப்பாடு நிஜமாவே அருமை. சமையல் பண்றது அந்த ஊர்க்கார அக்காதான், பலாக்கொட்டை போட்ட காரக்கொழம்பும் நாட்டுக்கோழி வறுவலும், மிளகு அங்க தோட்டத்துல சில்வர் ஓக் மரத்துல ஏத்தி விட்ட கொடில பறிச்சது, நாக்குல ஒரு மாதிரி பூவாசத்தோட ஏறுது. நாலரை ஸ்டார் பூரா அந்தக்காவுக்கு.

இப்ப காபி. மார்மன்காரங்க காபி குடிக்க மாட்டாங்க, டீயும் கிடையாது, 1833ல அவங்க தலைவர் ஜோசப் ஸ்மித் சொன்ன ஒழுக்கம் அது, இன்னிக்கும் அப்படியே இருக்காங்க. ஏற்காட்டுக்கு வந்து காபி வேண்டாம்னா எப்படி இருக்கும்? டேஸ்டிங் பண்ற தம்பிக்கு மூஞ்சியே தொங்கிருச்சு. காசு திருப்பித் தரமாட்டோம்னு தெளிவா சொல்லிட்டான், அது வேற. சமையலக்கா பாவம் பாத்து சுக்குமல்லி காபி போட்டுக் குடுத்தாங்க, "காபி"ங்கற வார்த்தையக் கேட்டதும் அண்ணி டம்ளர தள்ளி வெச்சுட்டாங்க. அதுல காபித்தூளே கிடையாது அண்ணி, சுக்கு, மல்லி, கருப்பட்டிதான்னு நானும் அண்ணனும் மாத்தி மாத்தி பத்து நிமிஷம் புரிய வெச்சோம். அப்ப எதுக்கு காபின்னு பேருன்னு கேட்டாங்க. நம்மகிட்ட பதில் இருக்கா? இல்ல. அப்பறம் மூணு டம்ளர் குடிச்சாங்க.

ஹெரிடேஜ் வாக் நாப்பது நிமிஷம். கூட்டிட்டுப் போன பையன் நல்ல பையன், மனப்பாடம் பண்ணத அப்படியே ஒப்பிக்கறான். 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்கு காபி கொண்டாந்த கதை, அது சரிதான். நடுவுல அப்பா, "தம்பி, உபதேசியார் வீடு எது?"ன்னு கேட்டாரு. அவன் முழிச்சுட்டு, பின்னாடி இருந்த ஓட்டு வரிசையக் காட்டி, "அதாங்க ஐயா இருக்கும், இப்ப ஸ்டாஃப் தங்கறாங்க, அங்க டூர்ல போறதில்லைங்க"ன்னான். மிஷனரிகளின் காலடித் தடம்னு காசு வாங்குனாங்க இல்ல, அந்தத் தடத்துல தமிழ் பேசுன கால் ஒண்ணு கூட இல்ல. பைபிள் வாசிச்சுக் காட்டுனது, பள்ளிக்கூடம் நடத்துனது, காய்ச்சல்ல கெடந்தவங்க வீட்டுக்கு ராத்திரி லாந்தர் எடுத்துட்டு நடந்தது பூரா உபதேசியாரும் அவரு சம்சாரமும்தான். துரை வருஷத்துல ரெண்டு தடவ குதிரைல வந்து பாத்துட்டுப் போவாருன்னு எங்க பாட்டி சொல்லும்.

இப்பதான் மெயின் மேட்டர். டைனிங் ஹால்ல சுவத்துல பெரிய ஃபிரேம் போட்ட ஒரு போட்டோ, கீழ "இம்மலைக்கு வந்த முதல் மிஷனரி"ன்னு பித்தளைத் தகடு. கோட்டு, நெஞ்சுக்கு நேரா சங்கிலி, மீசைய மழிச்சுட்டு தாடி மட்டும் விட்ட பெரிய மனுஷன். ராத்திரி சாப்பிட உக்காந்ததும் அண்ணி அதப் பாத்தாங்க. எழுந்து கிட்டப் போய் பாத்தாங்க. அண்ணன கூப்ட்டாங்க. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு சிரிக்க ஆரம்பிச்சாங்க பாருங்க, அண்ணிக்கு கண்ல தண்ணியே வந்துருச்சு. அது பிரிகம் யங். ஜோசப் ஸ்மித்துக்கு அப்பறம் மார்மன் சர்ச்சுக்கு தலைவரா இருந்தவரு, அவங்க ஜனத்த 1847ல யூட்டாவுக்கு கூட்டிட்டுப் போனவரு, 1877ல அங்கயே செத்தவரு. அந்தாளு இந்தியா பக்கமே வந்ததில்ல. டெக்கரேஷன் பண்ணவன் எவனோ நெட்ல "தாடி வெச்ச பழைய கிறிஸ்தவப் பெரியவர்"னு தேடி மொதல்ல வந்தத பிரிண்ட் போட்டிருக்கான் போல. அண்ணி அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புனாங்க, அவங்க அம்மா ரெண்டு நாள் சிரிச்சாங்களாம். அவங்க சர்ச் ஆளுங்க மூணு பேரு 1853ல மெட்ராஸ் வந்து எறங்குனது உண்மையாம், பெருசா யாரும் சேரல, கெளம்பிட்டாங்க. அவங்க கூட ஏற்காடு ஏறுனதா அண்ணி கேள்விப்பட்டதில்லையாம்.

மேனேஜர்கிட்ட சொன்னேன். "போட்டோ நல்லாத்தானே இருக்குங்க மேடம், கெஸ்ட்டெல்லாம் செல்ஃபி எடுக்கறாங்க"ன்னாரு.

அப்பதான் அண்ணி அவங்க ஊர் கதைய சொன்னாங்க. அமெரிக்காவுல மிசிசிப்பி ஆத்தங்கரைல நாவூன்னு ஒரு ஊர், இல்லினாய்ஸ் மாநிலம். 1839ல அங்க போய் சதுப்பு நெலத்த வடிச்சு அவங்க ஆளுங்க கட்டுன ஊர். அண்ணியோட பாட்டனுக்குப் பாட்டன் அங்க செங்கல் சூளைல வேல பாத்தவரு. 1844ல பக்கத்து ஊர் ஜெயில்ல வெச்சு ஜோசப் ஸ்மித்த ஒரு கும்பல் சுட்டுக் கொன்னுருச்சு, 1846 பிப்ரவரி குளிர்ல ஜனம் வண்டி கட்டி ஆத்தத் தாண்டி மேற்க கெளம்பிருச்சு, அவங்க பாடுபட்டு கட்டுன கோயிலுக்கு 1848ல எவனோ தீ வெச்சான். அதே எடத்துல 2002ல திரும்ப கட்டியிருக்காங்க. இப்ப அங்க போனா வீடு வீடா திறந்து வெச்சிருப்பாங்களாம், தச்சுப்பட்டறை, அச்சாபீஸ், எல்லாத்துலயும் ஆள் நின்னு கத சொல்லுவாங்க, செங்கல் சூளைல வர்றவங்களுக்கு உள்ளங்கை அளவு குட்டி செங்கல் ஒண்ணு குடுப்பாங்க, எதுக்கும் காசில்ல. நெலப் பத்திரம் வெச்சிருக்கற ஆபீஸ் ஒண்ணு இருக்கு, அங்க பாட்டன் பேரச் சொன்னா எந்த மனை, எந்தத் தெரு முக்குன்னு எடுத்துக் குடுக்கறாங்க. அண்ணி அந்த மனைல போய் நின்னுருக்காங்க, இப்ப வெறும் புல்லுதானாம். வண்டிங்க ஆத்துக்குப் போன தெருவுல, போனவங்க டைரில எழுதுன வரிங்கள அங்கங்க பலகைல போட்டிருக்காங்களாம். துரைங்க எழுதுனது மட்டும் இல்ல, புள்ளைய இடுப்புல வெச்சுட்டு நடந்தவ எழுதுனதும்.

அப்பா ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு டங் டங் டங்னு வெளில ஒரு சத்தம். அப்பா சட்டுனு எந்திருச்சு நின்னுட்டாரு. ஜெபத்துக்கு எந்திரிக்கற மாதிரி, கைய முன்னாடி கட்டிக்கிட்டு. என்னன்னு போய் பாத்தா பின்னாடி பலாமரத்துல ஒரு தண்டவாளத் துண்டு தொங்குது, சப்ளை பண்ற பையன் அத இரும்புக் கம்பில அடிச்சு கெஸ்ட்டுங்கள டின்னருக்கு கூப்பிடறான். அதுதான் அந்த ஊர் சர்ச் மணியாம். அப்பா சின்ன வயசுல அத அடிக்க யாருக்கு மொதல்ல கை எட்டும்னு அவங்களுக்குள்ள சண்டையாம். மாட்டுன கம்பி மேல மரப்பட்டை வளந்து மூடி, இப்ப கம்பி மரத்துக்குள்ள இருந்து மொளச்ச மாதிரி இருக்கு. இப்படி ஒரு சாமான் கையில இருக்கு, அதப் பத்தி வாக்ல ஒரு வார்த்தை இல்ல, சுவத்துல பிரிகம் யங்க மாட்டி வெச்சிருக்கான். எனக்கு வயித்தெரிச்சல்.

மறுநாள் நாங்களே சுத்துனோம், அதுதான் இந்த ட்ரிப்லயே உருப்படி. டவுன்ல ஹோலி ட்ரினிட்டி சர்ச்சுக்கு போங்க. 1863ல பல்லாவரத்துல கல் கோடரி கண்டுபிடிச்சாரே ராபர்ட் புரூஸ் ஃபூட், நம்ம நாட்டு பழைய கற்காலத்தையே தொறந்து விட்ட மனுஷன், அவரு நினைவுக் கல் அங்க இருக்கு. ஏற்காட்டுல வீடு கட்டிக்கிட்டு இருந்தவரு, 1912ல காலமானாரு. அவரோட மாமனார் பெர்சிவல் பாதிரியார், யாழ்ப்பாணத்துல ஆறுமுக நாவலர கூட வெச்சுக்கிட்டு பைபிள தமிழ்ல பெயர்த்தவரு, அவரும் 1882ல ஏற்காட்டுலதான் இறந்தாரு. அதுக்கு 900 ரூபா வாங்கியிருந்தா கூட நான் குடுத்திருப்பேன். அந்தப் பையன் வாக்ல இது ஒண்ணும் கிடையாது.

அப்பறம் எங்க ஊர் சின்ன சர்ச்சுக்கு திரும்பி வந்தோம். போதகர் ஐயாகிட்ட முந்தின நாளே போன்ல கேட்டு வெச்சிருந்தோம், திடீர்னு போய் ரெஜிஸ்டரக் குடுங்கன்னு நிக்காதீங்க. பழைய ஞானஸ்நானப் பதிவேடு, ஓரமெல்லாம் கரையான் தின்னது, பக்கம் திருப்பறப்ப பொடியா உதிருது. கைய நல்லா தொடச்சுட்டு அண்ணிதான் திருப்புனாங்க, வெரல் நுனியால அடியில புடிச்சு. தமிழ் படிக்கத் தெரியாது, அப்பா வெரல் வெச்சு ஒவ்வொரு வரியா படிக்க அவங்க கூடவே வந்தாங்க. கெடச்சுது. எங்க தாத்தா பேரு, தகப்பன் பேருக்கு நேரா தொழில்ங்கற எடத்துல "உபதேசி"ன்னு ஊதா மைல. தாய் பேரும் இருந்துச்சு. எங்க வீட்ல அந்தப் பாட்டிய எல்லாரும் உபதேசியாரம்மான்னே சொல்லிப் பழகி நெசப் பேரு யாருக்கும் தெரியாம இருந்துச்சு. சுவந்தரம். அப்பா ரெண்டு தடவ சொல்லிப் பாத்தாரு.

அண்ணி எல்லாத்தையும் நோட்ல எழுதிக்கிட்டாங்க. அவங்க வழக்கத்துல செத்துப்போன முன்னோருக்காக உயிரோட இருக்கறவங்க ஞானஸ்நானம் எடுத்துக்கற முறை இருக்கு, நாவூல 1840ல ஆரம்பிச்சதாம். அத மெதுவா வெளக்கிச் சொன்னாங்க. அப்பா சிரிச்சுட்டு, "இதோ இருக்கு பாரும்மா ரசீது, எங்கப்பாவுக்கு ஏற்கனவே ஆயிருச்சு"ன்னு பதிவேடத் தட்டுனாரு. "கேக்காம பண்ண மாட்டேன் மாமா"ன்னு அவங்களும் சிரிச்சாங்க.

போறதா இருந்தா: ரூம் மட்டும் போடுங்க, பேக்கேஜ் வேண்டாம். சனி ஞாயிறு மலைப்பாதைல இருபது கொண்டை ஊசி வளைவும் வண்டியா நிக்கும், வெள்ளனே கெளம்புங்க. சமையலக்காகிட்ட காரக்கொழம்பு கேட்டு வாங்குங்க. பின்னாடி பலாமரத்துக்கு கண்டிப்பா போய் பாருங்க.

போன வாரம் என் ஃப்ரெண்டு ஒருத்தி அங்க தங்கிட்டு வந்தா. மேனேஜர் என் பேச்சக் கேட்டிருக்காரு போல. போட்டோ அதே எடத்துலதான் இருக்காம், தகட மட்டும் மாத்திட்டாங்களாம். பிரிகம் யங் இப்ப "எஸ்டேட்டின் முதல் உரிமையாளர்".