முன்பணம் வாங்குவதா, முந்தின நாளே உறுதி கேட்பதா?

வீடு வீடாகப் போய் பிசியோதெரபி பார்க்கிற எவரைக் கேட்டாலும் இந்த ஒரு குறையைத்தான் முதலில் சொல்வார்கள். "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க டாக்டர்" என்று சொன்ன வீட்டிலிருந்து அதன்பிறகு பேச்சே இருக்காது. க்ளினிக் வைத்திருப்பவருக்கு ஒருவர் வராவிட்டால் வெளியே பெஞ்சில் இருக்கிற அடுத்தவரைக் கூப்பிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலையிலிருந்து கருங்கல் வரைக்கும் பைக்கில் போய், பூட்டிக் கிடக்கிற கேட்டையும் உள்ளே நின்று குரைக்கிற நாயையும் பார்த்துவிட்டுத் திரும்பணும். ஆனி, ஆடி மழையில் கேட்கவே வேண்டாம்.

நான் சில காலம் முன்பணம் வாங்கிக்கொண்டு போனேன். இப்போது முந்தின நாள் சாயந்தரமே வீட்டில் பேசி உறுதி வாங்குகிறேன். உறுதி வராத நேரத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுகிறேன். நான் இந்த இரண்டாவது முறையின் பக்கம் நிற்கிறவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நடைமுறையில் இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒரே நேரத்துக்கு இரண்டு வீட்டில் சொல்லிவைப்பது ஒன்று. அது வேண்டவே வேண்டாம். மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் நாம் வருகிற நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் வலி மாத்திரை போடுகிறார்கள். நாம் ஒரு மணி நேரம் தாமதித்தால் மாத்திரையின் வேகம் குறைந்து, காலைத் தொடவே விடமாட்டார்கள்.

இன்னொன்று வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் மொத்தமாக நினைவூட்டல் அனுப்புவது. பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், உண்மைதான். ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். புதிதாக வருகிற நோயாளி வீட்டில் பெரும்பாலும் சேமித்திருக்க மாட்டார்கள். இனி, போய்ச் சேர்ந்து நீல டிக் விழுந்தாலும் அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

ஆக, நின்று யோசிக்க வேண்டியவை முன்பணமும் முந்தின நாள் உறுதியும்தான்.

முன்பணத்தில் நல்லது இல்லாமல் இல்லை. கையைவிட்டுப் பணம் போனால் நேரத்துக்கும் ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. "சும்மா கேட்டு வைப்போம்" என்று அழைக்கிறவர்கள் தானாகவே ஒதுங்கிவிடுவார்கள். யுபிஐ வந்தபிறகு வாங்குவதும் சுலபம். 2023 முதல் அமீரகம், சவுதி, கத்தார், ஓமான் உள்ளிட்ட சில நாடுகளில் இருப்பவர்கள் அந்த நாட்டு மொபைல் நம்பரை வைத்தே வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ செய்ய வழி வந்திருக்கிறது. வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு அபூர்வமான நம் மாவட்டத்துக்கு இது பெரிய சௌகரியம்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. நம்மைக் கூப்பிட்டுப் பேசி, பணம் போடுகிறவர் துபாயில் இருக்கிற மகன். கதவைத் திறக்க வேண்டியது வீட்டில் தனியாக இருக்கிற அம்மா, அல்லது மருமகள். இந்த இரண்டு பேருக்கும் நடுவே பேச்சு நடந்ததா என்பது நமக்குத் தெரியாது. முன்பணம் வந்துவிட்ட தைரியத்தில் திங்கள்சந்தை பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். திண்ணையில் இருந்த அம்மா, "எனக்க மவன் என்கிட்ட ஒண்ணும் சொல்லல்லியே மக்ளே. இண்ணைக்கு வேண்டாம், தலை கனமா இருக்கு, பின்ன பாத்துக்கிடலாம்" என்றார். கையைப் பிடித்து உட்காரவைத்துக் கட்டன் காப்பியும் கொடுத்தார். அவரிடம் போய், முன்பணம் திரும்பத் தரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

சொல்லாமல் மகனிடம் பேசினாலும் வழக்கு தீராது. "அம்மாவுக்கு முடியாமத்தானே டாக்டர் வேண்டாம்னாங்க" என்பார். அதுவும் நியாயம்தான். உடம்பு முடியாதவர்களிடம்தானே நாம் வேலை பார்க்கிறோம், முடியவில்லை என்பதற்கு அபராதம் போட முடியாது. துட்டி (சாவு) விழுந்த வீடு என்றால் பேசவே இடமில்லை. கொடுத்த பணத்தைப் பிடித்துக்கொண்டால், நோயாளி வீட்டுக் காசைப் பறித்தவன் என்ற பேச்சு அந்த வாரமே கோயில் வாசலிலும் சர்ச் வாசலிலும் வந்து நிற்கும். திருப்பிக் கொடுத்தால் முன்பணம் வாங்கியதற்கே பொருள் இல்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நான் முறையை மாற்றியதற்குக் காரணம் வேறு. காலியாகிப் போன அந்த ஒரு மணி நேரம் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். முன்பணம் வாங்கியிருந்தால் நம் பெட்ரோல் செலவு கைக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். ஆள் வேண்டாம் என்பது காலை பத்து மணிக்கு அந்த வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் தெரிகிறது. அந்த நேரத்தில் வேறு யாரைக் கூப்பிட்டு "இப்ப வரட்டுமா" என்று கேட்பது? அவர்கள் குளித்து, சாப்பிட்டு, ஒருவர் துணைக்கு இருந்தால்தானே பயிற்சி கொடுக்க முடியும்.

நேரம் கிடைக்காமல் காத்திருக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். மூட்டு மாற்றியவர்களுக்கு முதல் ஆறு வாரம் பொன்னானது. அதற்குள் முட்டியை மடக்கிப் பழகாவிட்டால், பிறகு மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட வேண்டிய நிலைவரை போகலாம். பக்கவாதம் வந்தவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில்தான் கை காலில் மாற்றம் வேகமாகத் தெரியும். அப்படி ஒருவர் அழகியமண்டபத்தில் நேரம் கேட்டுக் காத்திருக்க, அதே வழியில் இன்னொரு வீட்டில் ஒரு மணி நேரம் வீணாகப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நேரத்துக்கு எனக்குக் காசு வந்தது என்பதால் அது சரியாகிவிடாது.

முந்தின நாள் சாயந்தரம் தெரிந்துவிட்டால் கதையே வேறு. நான் வைத்திருக்கிற டைரியில் பெயர்கள் பென்சிலில் இருக்கும். கடைசிப் பக்கங்களில் காத்திருப்பவர்களை ஊர்வாரியாகப் பிரித்திருக்கிறேன்: கருங்கல் பக்கம், குலசேகரம் பக்கம், வில்லுக்குறி பக்கம். கருங்கல் வழியில் ஒரு நேரம் காலியானால் அந்தப் பக்கத்துப் பெயர்களைத்தான் கூப்பிடுவேன். குலசேகரத்து ஆளை அதில் நுழைத்தால் நாள் முழுக்க ரோட்டிலேயே போய்விடும். இரவு சாப்பாட்டுக்குள் பெரும்பாலும் அந்த இடம் நிரம்பிவிடுகிறது.

செய்தி ஒன்றுதான் அனுப்புகிறேன்: "நாளை காலை 10 மணிக்கு அம்மாவுக்கு பிசியோ. நான் வரலாமா என்பதை இன்று சாயந்தரம் 6 மணிக்குள் சொல்லுங்கள். பதில் இல்லை என்றால் அந்த நேரத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுவேன்." இது மகனுக்கும் போகும், வீட்டுக்கும் போகும். ஆனால் பதிலை வீட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்வேன். நமக்கு ஆறு மணி என்றால் துபாயில் நாலரை, சவுதியிலும் கத்தாரிலும் மூன்றரை. டியூட்டியில் நிற்கிறவர் போனை எடுக்க முடியாது, எடுத்தாலும் அம்மாவுக்கு இன்று தலை கனமா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. ஆறு மணிவரை பதில் வராவிட்டால் வீட்டு நம்பருக்கு ஒரு கால். அதையும் எடுக்கவில்லை என்றால் டைரியில் ரப்பர் வைத்து அழித்துவிடுவேன். இரண்டாவது, மூன்றாவது கால் போட ஆரம்பித்தால், அவர்தான் எப்படியும் கூப்பிடுவாரே என்று எல்லாரும் அதற்குப் பழகிவிடுவார்கள்.

முதல் சந்திப்பிலேயே இந்த விதியை வீட்டில் எல்லார் காதிலும் விழச் சொல்லிவிடணும். இல்லையென்றால் "சொல்லாம கொள்ளாம வராம விட்டுட்டாங்க" என்ற பழி நம் மேல் வரும். தனியாக, படுக்கையில் இருக்கிற நோயாளிக்கு இதைக் கறாராகப் பிடிக்கக் கூடாது. அங்கே பதில் வராததற்கு வேறு காரணம் இருக்கலாம். பக்கத்து வீட்டு நம்பர் ஒன்றை முன்பே வாங்கிவைத்து, அவர்களை ஒரு எட்டுப் போய்ப் பார்க்கச் சொல்வேன்.

இந்த முறைக்கும் வேலை உண்டு. தினம் சாயந்தரம் அரை மணி நேரமாவது போனோடு உட்காரணும். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, மார்கழியில் சுசீந்திரம் தேர் என்று வருகிற நாட்களில் ஒரு நாள் முன்னால் கேட்டால் போதாது, இரண்டு நாள் முன்னாலேயே கேட்கணும். விருந்தாள் வந்த வீட்டில் பிசியோ ஞாபகம் இருக்காது.

இது எல்லாத் தொழிலுக்கும் ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். கல்யாண மேக்கப் செய்கிறவர்கள் ஒரு முகூர்த்த நாளை இழந்தால் முந்தின நாள் ராத்திரி இன்னொரு மணப்பெண்ணைத் தேட முடியாது. அவர்களுக்கு முன்பணம்தான் சரி. ரிசப்ஷனில் ஆள் வைத்திருக்கிற பெரிய க்ளினிக்கில் நான் வேலை பார்த்ததில்லை, அங்கே கணக்கு வேறாக இருக்கலாம்.

நானும் முன்பணத்தை அடியோடு விட்டுவிடவில்லை. திரும்பத் திரும்பப் பதில் சொல்லாமல் விடுகிற வீடுகளுக்கும், குலசேகரத்தைத் தாண்டி மலையோரத்தில் ஒற்றையாக இருக்கிற வீடுகளுக்கும் வாங்குகிறேன். முதல் வகைக்குப் பணத்தோடு நாளின் கடைசி நேரத்தைத்தான் கொடுக்கிறேன். அவர்கள் கைவிட்டாலும் நான் நேராக வீட்டுக்குத் திரும்பிவிடலாம், வேறு ஒருவருடைய நேரம் அதில் கெடாது.