மெயின்ஸ் நோட்ஸ்: லேப்டாப்பா, டேப்லெட்டா, பேப்பரா?

யூபிஎஸ்சி மெயின்ஸுக்கு (ஐஏஎஸ் மாதிரி வேலைக்கு கையால பதில் எழுதுற ரெண்டாம் கட்ட தேர்வு) படிக்கிற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் கேக்குறாங்க, நோட்ஸ எதுல எடுக்கிறதுன்னு. மூணையும் பாத்துடலாம்.

லேப்டாப்ல தேடுறது ரொம்ப ஈஸி. கரண்ட் அஃபேர்ஸ் தினம் மாறும், நோட்டுல அடிச்சு திருத்தி கட்டுப்படியாகாது, ஃபைல்ல இருந்தா ஒரு தீர்ப்போட பேர தட்டினா உடனே வந்துடும். ஆனா கை வேகமா ஓடுறதால கிளாஸ்ல சொல்றத அப்படியே அடிச்சு வெச்சுடுவோம், மண்டையில ஏறாது. 2014-ல முல்லர், ஓப்பன்ஹைமர்னு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேரும் மாணவர்கள வெச்சு சோதிச்சப்போ புரிஞ்சு பதில் சொல்ற கேள்விகள்ல கையால எழுதினவங்கதான் முந்தினாங்க. 2019-ல வேற குழு அதையே திரும்ப செஞ்சப்போ அவ்ளோ தெளிவான வித்தியாசம் வரல, அதையும் சொல்லிடணும்.

எனக்கு அந்த ஆராய்ச்சிய விட பெரிய காரணம் எக்ஸாம் ஹால். ஒரு ஜிஎஸ் (ஜெனரல் ஸ்டடீஸ், அதாவது பொதுப்பாடம்) பேப்பர்ல 20 கேள்வி, பாதி 150 வார்த்தை, பாதி 250, ஆக மொத்தம் 3 மணி நேரத்துல 4000 வார்த்தை, அதுவும் காலைல ஒரு பேப்பர் மதியம் ஒரு பேப்பர்னு ஒரே நாள்ல ரெண்டு. வருஷம் பூரா டைப் பண்ணியே பழகின கை பாதியிலயே மரத்துப்போகும், கட்டைவிரல் இழுத்துக்கும், எழுத்து கோழி கிறுக்கினாப்ல ஆயிடும், பதில் தெரிஞ்சும் மார்க் போறது எவ்ளோ கொடுமை! தமிழ்ல எழுதுறவங்களுக்கு இன்னும் சிரமம், போன்ல இங்கிலீஷ் எழுத்துல தட்டினா அதுவே தமிழா மாத்திக் குடுத்துடுது, அப்புறம் பேனா புடிச்சா எங்க ர, எங்க ற-ன்னே தடுமாறுது.

டேப்லெட் நடுவுல நிக்குது. 2024-ல வந்த நார்வே ஆய்வுல 36 மாணவர்களோட மூளை அலைகள பதிவு பண்ணப்போ, டிஜிட்டல் பேனாவால ஸ்க்ரீன்ல எழுதினாலே மூளைப் பகுதிகளுக்குள்ள தொடர்பு டைப்பிங்க விட அதிகமா இருந்துச்சு. சோ மூளைக்கு ஓகே. ஆனா கண்ணாடி வழுக்கும், பேப்பர்ல அழுத்தி எழுதுற பழக்கம் வராது, விலையும் அதிகம். கைல இருந்தா யூஸ் பண்ணுங்க, இதுக்குன்னு கடன் வாங்கி வாங்க வேணாம்.

என் முடிவு பேப்பர்தான். கரண்ட் அஃபேர்ஸ் மட்டும் லேப்டாப்ல இருக்கட்டும், மத்தத தனித்தனி ஏ4 தாள்ல எழுதி ரிங் ஃபைல்ல போடுங்க, புதுசா ஏதாவது வந்தா நடுவுல ஒரு தாள சொருகிக்கலாம். ஆன்சர் ப்ராக்டிஸ் மட்டும் கண்டிப்பா ஹாலுக்கு எடுத்துட்டு போகப்போற அதே பேனாவுல, கடிகாரத்த பக்கத்துல வெச்சுட்டு.