இரண்டு வயலின்கள், ஒரு கடலோர ரயில்

கடந்த ஒரு வருடத்தில் புதிதாகக் கேட்டவற்றில் என்னோடு தங்கிவிட்டவை இரண்டு இசைத்தொகுப்புகள். இரண்டுமே பழையவை. ஷக்தி என்ற குழு 1976இல் அதே பெயரில் வெளியிட்ட ‘ஷக்தி’, 1986இல் வெளிவந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. இரண்டிலும் முன்னுக்கு நிற்பது வயலின். இரண்டையும் பெரும்பாலும் கேட்டது கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் காலை ரயிலில், கடல் பக்கக் கதவருகே நின்றபடி.

முதலில் கிடைத்தது ராஜா. அவருடைய சினிமாப் பாட்டுகளோடு வளர்ந்தவன் நான். இருந்தும் இந்தத் தொகுப்பு இத்தனை காலம் கண்ணில் படவில்லை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் அவர் வைத்த காணிக்கை இது. வயலின் வி. எஸ். நரசிம்மன். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற உருப்படியில், பாக் தனி வயலினுக்கு எழுதிய ஒரு பகுதி ஓடிக்கொண்டிருக்க, அதைச் சுற்றி ராஜா தன் இசையைக் கட்டிக்கொண்டு போகிறார். முதல் தடவை கேட்டபோது பம்பலப்பிட்டி தாண்டியதே தெரியவில்லை. ஒவ்வொரு சுரமும் யோசித்து எழுதி வைத்தது. எங்கே ஏறும், எங்கே அடங்கும் என்பதில் துளி தற்செயல் இல்லை. உருப்படிகளும் சின்னச் சின்னவை என்பதால் ரயில் பயணத்துக்குப் பொருத்தம்.

ஷக்தி அதற்கு நேர் எதிர். 1975 ஜூலை 5 அன்று அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரியின் ஒலிப்பதிவு. மின்கிட்டாரில் பெயர் எடுத்த ஜோன் மக்லாக்லின் இங்கே சாதாரண மரக்கிட்டாரோடு உட்காருகிறார். ஸாகிர் ஹுசைன் தபேலா, விநாயக்ராம் கடம், ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம். வயலின் எல். ஷங்கர், அப்போது 25 வயது. மூன்றே உருப்படிகள். கடைசி உருப்படி கிட்டத்தட்ட 29 நிமிடம். கோட்டை வந்தாலும் அது முடிவதில்லை. ரயில் மேடை வாங்கில் உட்கார்ந்து மிச்சத்தையும் கேட்டுவிட்டு வேலைக்குப் பிந்திப் போன நாட்கள் உண்டு. கிட்டார் ஒரு வரி சொல்ல, வயலின் அதைப் பிடித்து இன்னும் வேகமாகத் திருப்பிக் கொடுக்கும். அடுத்து என்ன வரும் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாது போல இருக்கும். சில இடங்களில் இழுபடுகிறது, அதையும் சொல்லவேண்டும். ராஜாவில் அப்படி ஒரு நொடி கூட இல்லை.

அப்புறம், 2023இல் அதே குழுப் பெயரில் வந்த ‘திஸ் மொமென்ட்’டையும் கேட்டேன். 2024இல் கிராமி விருது பெற்றது. ஷங்கர் மகாதேவனின் குரல் அருமை, ஒலிப்பதிவும் துல்லியம். ஆனால் அந்தப் பழைய கச்சேரியின் வியர்வை அதில் இல்லை.

கர்நாடக சங்கீதம் பழக்கமில்லாத ஒருவர் கேட்டால் ராஜாவைத்தான் முதலில் கொடுப்பேன். எனக்கு மட்டும் என்றால் ஷக்தி. அதற்கு ஒரு காரணம் மாமா. ஒரு நாள் இரவு வீட்டில் போட்டபோது, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “உது லக்ஷ்மிநாராயண ஐயற்ற மகனெல்லோ வாசிக்கிறது?” என்றார். எனக்குத் தெரியாது. எல். ஷங்கரின் தகப்பனார்தான் அந்த ஐயர், யாழ்ப்பாணத்தில் வயலின் கற்பித்தவர். பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள். 1958இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. ஷங்கருக்கு அப்போது எட்டு வயது.

அதன்பிறகு அந்த வயலினை நான் முன்பு போலக் கேட்கவில்லை. ஷக்தியின் மூன்று உருப்படிகளில் சின்னது, ஐந்து நிமிடம் கூட வராத ‘லோட்டஸ் ஃபீட்’. மெதுவானது. முன்பெல்லாம் அதைத் தாண்டிப் போய்விடுவேன். அன்று மாமா அதை மூன்று தடவை போடச் சொன்னார்.