எந்தப் பட்டையில் விரல்கணு? ஃபோர்ஹேண்ட் பிடிகள்: ஓர் ஒப்பீடு

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை முழுவதும் டென்னிஸில் ‘வெஸ்டர்ன்’ என்ற மட்டைப் பிடியில் ஃபோர்ஹேண்ட், அதாவது மட்டை பிடித்த கைப்பக்கம் வரும் பந்துக்கான அடி, அடித்துப் பழகினேன். தொலைக்காட்சியில் பார்த்து வந்த ஆசைதான். சுவரில் அடிக்கும்போது பந்து சுழன்று துள்ளியது. எனக்கே என்மேல் மதிப்புக் கூடியது. பிறகு அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவருடன் ஒரு செட் ஆடினேன். அவர் ஓடவும் இல்லை, ஓங்கி அடிக்கவும் இல்லை. பந்தின் அடியைச் சீவிச் சீவி, வலையை உரசாத குறையாக அனுப்பிக்கொண்டே இருந்தார். கணுக்காலுக்கு மேல் எழ மறுத்த அந்தப் பந்துகளில் முக்கால்வாசியை நான் வலையில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். 6-1.

பிடி என்றதும் எந்த வீரர் எப்படிப் பிடிக்கிறார் என்றுதான் பார்க்கிறோம். எனக்கு வரும் பந்து எந்த உயரத்தில் வருகிறது என்று முதலில் பார்த்திருந்தால், அந்தக் கோடை எனக்கு மிச்சமாகியிருக்கும்.

மட்டையின் கைப்பிடி உருண்டை அல்ல, எட்டுப் பட்டை கொண்டது. மட்டையின் முகம் தரைக்குச் செங்குத்தாக நிற்கும்படி பிடித்தால் உச்சியில் இருப்பது முதல் பட்டை. கைப்பிடியின் அடிமுனை உங்களைப் பார்க்க, வலக்கைக்காரர் அங்கிருந்து கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும், இடக்கைக்காரர் எதிர்ச்சுற்றில். ஆள்காட்டி விரலின் அடிக்கணு எந்தப் பட்டையில் அமர்கிறதோ அதுவே பிடி. இரண்டாவதில் காண்டினென்டல், மூன்றாவதில் ஈஸ்டர்ன், நான்காவதில் செமி வெஸ்டர்ன், ஐந்தாவதில் வெஸ்டர்ன். கணு உச்சிப் பட்டையிலிருந்து கீழ்ப்பட்டைகளுக்கு இறங்க இறங்க, மட்டையின் முகம் தரையை நோக்கிக் கவிழ்கிறது. பந்தைச் சந்திக்க வசதியான இடமும் உடலுக்கு முன்னே தள்ளி, மேலே ஏறிக்கொண்டு போகிறது. மற்ற வேறுபாடுகளெல்லாம் இதிலிருந்து பிறப்பவைதான்.

காண்டினென்டலை ஃபோர்ஹேண்டுக்கு இன்று யாரும் பரிந்துரைப்பதில்லை. ஆனால் ராட் லேவரும் ஜான் மெக்கன்ரோவும் அதை வைத்துக்கொண்டுதான் உலகை வென்றார்கள். 1974 வரை நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் மூன்று புல்தரையில் நடந்தன. பந்து தாழ்ந்து வழுக்கியது, வலையை நோக்கி ஓடுவதுதான் ஆட்டம், பிடி மாற்ற நேரமில்லை. சர்வீஸ், வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது), ஸ்லைஸ் (சீவி அடிப்பது) மூன்றுக்கும் இன்றும் காண்டினென்டல்தான். என்னைத் தோற்கடித்த பெரியவரிடம் கையைக் காட்டச் சொன்னேன். கணு இரண்டாவது பட்டையில் ஒட்டியிருந்தது. அவருக்கு அதன் பெயர் தெரியாது.

ஈஸ்டர்ன் பிடி, மட்டையோடு கைகுலுக்குவது போன்றது. இடுப்பு உயரப் பந்துக்கு இதைவிட இயல்பான பிடி இல்லை. மட்டை பந்தின் பின்னால் நேராக வருவதால் பந்து தட்டையாக, வேகமாகப் பாயும். பீட் சாம்ப்ராஸ் இதில் ஆடினார். 2009 அமெரிக்க ஓபன் இறுதியில் ஃபெடரரை வீழ்த்திய டெல் போட்ரோவின் இடி போன்ற ஃபோர்ஹேண்டும் ஈஸ்டர்ன் வகைதான். அவர் உயரம் 1.98 மீட்டர் என்பதை மறக்க வேண்டாம்: நம் தோளுக்கு எழும் பந்து அவருக்கு மார்புக்குக் கீழேதான். ஃபெடரரின் பிடியும் ஈஸ்டர்ன்தான், நான்காவது பட்டைப் பக்கம் சற்றே சாய்ந்தது. இந்தப் பெயர்களெல்லாம் மைல்கற்கள் மாதிரி. பலர் இரண்டு கற்களுக்கு நடுவேதான் நிற்கிறார்கள்.

இன்றைய ஆட்டத்தின் நடுவீடு செமி வெஸ்டர்ன். நடால், அல்கராஸ், சின்னர் மூவரையும் இந்த வட்டத்துக்குள் வைக்கலாம். ஜோகோவிச் இதற்கும் வெஸ்டர்னுக்கும் இடையில். மட்டை கீழிருந்து மேலாகப் பந்தை வருடிச் செல்வதால் மேற்சுழல், அதாவது டாப் ஸ்பின், தாராளமாகக் கிடைக்கிறது. வலைக்கு மேல் நிறைய இடம் விட்டு அடித்தாலும் பந்து கோட்டுக்குள் இறங்கிவிடும். அதிவேகக் கேமராவில் அளந்தபோது சாம்ப்ராஸ், அகாஸி காலத்து ஃபோர்ஹேண்ட் நிமிடத்துக்குச் சுமார் 1,800 முதல் 1,900 சுற்றுகள் சுழன்றது. ஃபெடரருடையது 2,700, நடாலுடையது சராசரியாக 3,200. பிடி மட்டும் இதைச் செய்யவில்லை. 1997இல் குவர்ட்டன் பிரெஞ்சு ஓபனை வென்றபின் பரவிய பாலியஸ்டர் நரம்புகளுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. பழைய நரம்புள்ள மட்டையை வைத்துக்கொண்டு நடாலின் பிடியை மட்டும் கடன் வாங்கினால் அசலும் வராது, வட்டியும் வராது.

வெஸ்டர்ன், பெயரிலேயே ஊர் சொல்கிறது. கலிஃபோர்னியாவின் சிமெண்ட் தளங்களில் பந்து உயர எழும்பியதால் அங்கே வேரூன்றிய பிடி. 1923இல் விம்பிள்டன் வென்ற குள்ளமான பில் ஜான்ஸ்டன் அங்கிருந்து வந்தவர். இதையும் தாண்டி முறுக்கியவர் ஸ்பெயினின் பெராசடெகி. மட்டையின் ஒரே முகத்தால் ஃபோர்ஹேண்டும், மறுபக்கத்து அடியான பேக்ஹேண்டும் அடித்து, 1994 பிரெஞ்சு ஓபன் இறுதிவரை போனார். களிமண் தரையில், தோள் உயரப் பந்துக்கு வெஸ்டர்ன் ஒரு வரம். தாழ்ந்த பந்துக்கு முழங்காலை மடக்கி உட்கார வேண்டும், மணிக்கட்டும் வலிக்கும். சர்வீஸுக்கும் வாலிக்கும் காண்டினென்டலுக்குத் திரும்ப மூன்று பட்டை சுற்ற வேண்டும். ஈஸ்டர்னிலிருந்து ஒரு பட்டைதான். ‘அப்படியானால் ஸ்வியாடெக்?’ என்று கேட்பீர்கள். வெஸ்டர்னை நெருங்கிய பிடியோடு, களிமண் தரையில் நடக்கும் பிரெஞ்சு ஓபனை நான்கு முறை வென்றவர், புல்தரையில் பல ஆண்டுகள் திணறியபின் 2025 விம்பிள்டன் இறுதியில் 6-0, 6-0 என்று முடித்தார். அந்தக் கால்களும் உங்களுக்கு இருந்தால் தாராளமாகப் பிடியுங்கள்.

குழந்தைகள் விஷயம் தனி. பெரியவர்களின் மஞ்சள் பந்து எட்டு வயதுப் பிள்ளைக்குத் தலைக்கு மேல் எழும். யாரும் சொல்லாமலே அதன் கை வெஸ்டர்னுக்கு நழுவிவிடும். பயிற்சியாளர் திட்டுவார், பந்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளுக்கென்றே உள்ள பந்துகளில், மஞ்சளைவிடச் சிவப்பு 75 சதவீதமும், ஆரஞ்சு 50 சதவீதமும், பச்சை 25 சதவீதமும் மெதுவானது. 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்துக்கே இடமில்லை. இந்தப் பந்துகளில் பழகும் பிள்ளைக்கு செமி வெஸ்டர்ன் பக்கம் போக அவசரம் வேண்டாம். போட்டிக்குப் போகிறவர் எப்படியும் அங்கே போய்ச் சேர்வார்.

வளர்ந்தபின் மட்டை பிடிக்கிறவருக்கு என் வாக்கு ஈஸ்டர்னுக்கே. மன்றங்களில் கிடைப்பவை பெரும்பாலும் உயிர் போன பழைய பந்துகள், எதிராளி சீவுவார், இரட்டையர் ஆட்டமும் வலையோரமும்தான் அதிகம். ஓராண்டு கழித்து மார்பு உயரப் பந்துகள் நீளமாகப் போய் விழுகின்றன என்றால், கணுவை அரைப் பட்டை கீழே நகர்த்துங்கள். கைப்பிடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், அடுத்த நாள் கை பழைய இடத்துக்குத் திரும்புவதைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

என் கோடு இப்போது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே இருக்கிறது. தோளுக்கு மேல் எழும் பந்தை இன்னும் பின்வாங்கித்தான் எடுக்கிறேன். பெரியவரிடம் போன வாரம் 6-4 என்று தோற்றேன்.